தொடாத கருவி, தேர்ந்த கை

ஒரு மெட்டை முணுமுணுக்கத் தெரிந்தால் போதும், இதை வாசித்துவிடலாம். 1929-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் தெரெமின் என்ற இசைக்கருவியை ஏறக்குறைய இப்படிச் சொல்லித்தான் கடைக்குக் கொண்டுவந்தது. சுமார் 500 கருவிகளோடு வியாபாரம் படுத்துவிட்டது. அந்த ஆண்டின் பங்குச்சந்தைச் சரிவு ஒரு காரணம். வாங்கிப்போனவர்கள் வீட்டில் கிளம்பிய ஊளைச் சத்தம் இன்னொரு காரணமாக இருந்திருக்கும்!

ரஷ்யப் பொறியாளர் லியோன் தெரெமின் உருவாக்கிய இந்தப் பெட்டியில் தொடுவதற்கு எதுவுமே கிடையாது. நிமிர்ந்த கம்பியை வலது கை நெருங்க நெருங்கச் சுருதி ஏறும். பக்கவாட்டு வளையத்தை இடது கை நெருங்கினால் சத்தம் அடங்கும். உள்ளே, காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும் இரண்டு மின்சுற்றுகள். கை அருகே வந்தால் ஒன்றின் அதிர்வெண் மட்டும் மாறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு நாதமாகக் கேட்கிறது. வயலினிலாவது விரலுக்குத் தந்தி தட்டுப்படும். இங்கே வெறும் காற்று. உடம்பு சற்று அசைந்தாலே சுரம் பிசகும்.

இதை அடக்கி ஆண்டவர் கிளாரா ராக்மோர். 1911-ல் வில்னியஸில் பிறந்து, லியோபால்ட் ஆவரிடம் வயலின் பயின்றவர். கையில் வந்த கோளாறால் வில்லைக் கீழே வைக்க நேர்ந்தது. காது மட்டும் அப்படியே இருந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டே போவது தெரெமினின் சுபாவம். கமகத்தில் ஊறிய நமக்கு அது வரமாகத் தோன்றலாம். சுரங்களைத் தனித்தனியே நிறுத்த வேண்டிய மேற்கத்திய இசைக்கு அது தொல்லை. கிளாரா காற்றிலேயே விரல்களை மடக்கி விரித்து, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு விரல்நிலையை வகுத்துக்கொண்டார்.

அதோடு விடவில்லை. மூன்று ஸ்தாயி போதாது, ஐந்து வேண்டும். இடது கைக்குக் கருவி இன்னும் சட்டென்று பணிய வேண்டும் என்று லியோன் தெரெமினிடமே கேட்டு, தனக்கென்று ஒரு கருவியைச் செய்துவாங்கினார். திறமையா தொழில்நுட்பமா என்று கட்சி கட்டுபவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிப்பதில்லை. எது குறைகிறது என்று சொல்ல, வாசித்துத் தேர்ந்த ஒரு கை தேவைப்பட்டது. ஆய்வுக்கூடத்துக்கு அது தானாகத் தெரியவில்லை.

கிளாராவின் முதல் இசைத்தட்டு 1977-ல்தான் வந்தது. அதற்குத் துணைநின்றவர் ராபர்ட் மூக். பள்ளி வயதிலேயே தெரெமின் செய்யத் தொடங்கி, பின்னாளில் சின்தசைசருக்குப் பேர்போனவர். அவருடைய நிறுவனம் 1970-ல் கொண்டுவந்த மினிமூகில், கட்டைகளுக்கு இடப்புறம் சுருதியை வளைக்க ஒரு சிறு சக்கரம் இருந்தது. இன்று கீபோர்டில் கர்நாடக சங்கீதம் வாசிப்பவர்களுக்குக் கமகம் பிறப்பது அப்படிப்பட்ட சக்கரத்தில்தான். பல கீபோர்டுகளில் அது இருக்கிறது. தோடி ராகத்தின் காந்தாரம் எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை.