பல்பு அட்டையில் ஒரு ரகசியம்!

ஒருநாள் இரவு, மஞ்சள் நிறக் குண்டு பல்பின் வெளிச்சத்தில் என் கறுப்புக் கால்சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். காலையில் வெயிலில் பார்த்தால், தைத்த நூல் கருநீலம்! ஏன் ஏமாந்தேன் தெரியுமா? மஞ்சள் வெளிச்சத்தில் நீல ஒளி மிகக் குறைவு. அதனால் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும்.

எல்.இ.டி. பல்பின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 2700, 4000, 6500 கெல்வின் என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். கெல்வின் என்பது வெப்பநிலை அளவு. விஞ்ஞானி கெல்வின் பிரபுவின் (1824-1907) பெயரால் வந்தது.

வெளிச்சத்தின் நிறத்துக்கும் வெப்பத்துக்கும் என்ன உறவு? கொல்லர் உலையில் இரும்பு சூடேற ஏற முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், அப்புறம் வெளுக்கும். அதைவிடப் பல மடங்கு சூடான நட்சத்திரங்கள் நீலமாக ஜொலிக்கும். ஆகவே எண் குறைந்தால் மஞ்சள் ஒளி. கூடினால் நீலம் கலந்த வெள்ளை ஒளி. பயப்படாதீர்கள், எண் சொல்லும் அளவுக்குப் பல்பு சூடாகாது! நிறத்தை ஒப்பிடத்தான் அந்த எண்.

சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் 4000 முதல் 6500 வரை நல்லது. படுக்கையறைக்கு 2700 போதும். நீலம் மிகுந்த ஒளி, இரவிலும் 'இது பகல்' என்று மூளையை ஏமாற்றும். தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பது குறையும், தூக்கம் தள்ளிப்போகும்.

அடுத்த முறை அப்பா பல்பு வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். "எந்த அறைக்கு அப்பா?" என்று கேட்டுவிட்டு, எண்ணைப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்கள்!