உங்களுக்குத் தெரியுமா? ஒரு வினாடி மூச்சின் கணக்கு

நுரையீரலின் திறன் 25 வயதையொட்டி உச்சத்தைத் தொடும். பிறகு எல்லோருக்கும் இறங்குமுகம்தான். மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை முழுக்க இழுத்து, ஸ்பைரோமீட்டர் குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதும்போது முதல் வினாடியில் வெளிவரும் காற்றே இதற்கு அளவுகோல். நலமானவருக்கு இது ஆண்டுக்கு 25 முதல் 30 மில்லி குறையும்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சி.ஓ.பி.டி. உள்ளவர் புகைத்துக்கொண்டே இருந்தால் இழப்பு சுமார் இருமடங்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், புகைப்பதை விட்டவர்களுக்கு இழப்பு சுமார் 27 மில்லியாகத் தணிந்தது, விடாதவர்களுக்கு 60. போனதில் பெரும்பகுதி மட்டும் திரும்புவதில்லை.

வேகமாகச் சரிவதுதான் நோயின் ஒரே வழி என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2015இல் வெளியான ஆய்வு அதைக் கலைத்தது: நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சரிவு சாதாரணமே; இளமையிலேயே அவர்களின் நுரையீரல் முழு வளர்ச்சியை எட்டவில்லை.

நம் ஊரில் விறகடுப்புப் புகையும் காசநோயும் கூடுதல் காரணங்கள். சென்னையை அடுத்து, டாக்டர் சவுரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம்தான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய் குணமான பின்னும் தழும்புகள் மூச்சுக்குழாய்களைக் குறுக்கலாம், பீடியே தொடாதவருக்கும்கூட.