பத்துமலையின் மறுபக்கம்: கயிறு பிடிக்கத் துணை தேடுவோர்

தைப்பூசத் திருநாள் என்றதும் நம் மனக்கண்முன் எழுந்து நிற்பது பத்துமலைத் திருத்தலம். தம்புசாமிப் பிள்ளை அவர்களின் முயற்சியால் குகையில் முருகன் வழிபாடு தோன்றியதும், 1892-ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருவதும், 272 படிகளும், 2006-இல் எழுந்த 42.7 மீட்டர் உயரத் திருவுருவமும் நாம் நன்கறிந்தவை. ஆயினும், அதே மலையின் மறுபக்கங்களில் வார இறுதிக் காலைகளில் இன்னொரு கூட்டம் கூடுகிறது என்பதைப் பக்தர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இடுப்பில் பட்டை, தோளில் கயிறு, தலையில் கவசம் ஆகியவற்றுடன் செங்குத்தான பாறையில் ஏறிப் பழகுவோரே அவர்கள். அவர்களுள் கணிசமானோர் தொழில் காரணமாகவும் கல்வி காரணமாகவும் இந்நாட்டில் வந்து தங்கியிருக்கும் வெளிநாட்டவர் ஆவர்.

மழை செதுக்கிய சுவர்கள்

பத்துமலை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழைமை வாய்ந்த சுண்ணாம்புக் கல்லால் ஆனது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரிவாயுவை ஏற்று இலேசான அமிலமாகி, இக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. நாம் வழிபடும் குகையைக் குடைந்ததும் அதே நீர்தான். வெளிச்சுவர்களில் விரல் நுழையும் துளைகளையும் கை பற்றும் விளிம்புகளையும் ஆக்கித் தந்ததும் அதே நீர்தான்.

இச்சுவர்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஏறுவழிகள் அமைக்கப்பட்டுள்ளன. பாறையில் துளையிட்டுப் பதித்த இரும்பு ஆணிகளில் கொக்கியை மாட்டி, அதில் கயிற்றைக் கோத்தபடி மேலேறுவது இங்குள்ள முறை. ஒரு பகுதிக்கு டாமாய் என்று பெயர். மலாய் மொழியில் அமைதி என்பது பொருள். இன்னொரு பகுதிக்கு ஞாமுக் என்று பெயர். அது கொசுவைக் குறிக்கும். அங்குச் சென்றவர்களுக்குப் பெயர்க் காரணத்தை விளக்க வேண்டியதில்லை! வெயில் படாத சுவரைத் தேர்ந்து காலையிலேயே தொடங்குவதும், பிற்பகல் இடிமழைக்கு முன் இறங்கிவிடுவதும் அனுபவசாலிகளின் வழக்கம்.

தனியே ஏற முடியாத ஏற்றம்

பாறை கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. இம்முறையில் ஏறுபவர் ஒருவர், கீழே நின்று கயிறு பிடிப்பவர் மற்றொருவர். மேலே இருப்பவரின் பிடி நழுவினால், கீழே இருப்பவரின் இடுப்புக் கருவியில் கயிறு இறுகி வீழ்ச்சியைத் தடுக்கும். அந்த ஒரு கணத்தில் அவர் கவனம் சிதறியிருந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் உயிர் இன்னொருவர் கையில் இருக்கிறது என்பது இங்கு உவமை அன்று, உண்மை.

காவடி எடுப்பவருடன் உற்றார் உறவினர் கூடவே படியேறி, தாங்கிப் பிடித்து, தண்ணீர் தந்து துணை நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். உள்ளூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அத்தகைய துணை தானே அமைகிறது. அயல்நாட்டில் வந்து தங்கியவனோ முன்பின் அறியாத ஒருவரிடம் கயிற்றைக் கொடுத்தாக வேண்டும். ஆதலால் அவனுடைய முதல் தேடல் பாறையன்று, நம்பத்தக்க மனிதர்.

எங்கே தேடுவது?

அத்தேடலுக்கு ஏற்ற இடம் உள்ளரங்கு ஏறுகூடங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் 1 உத்தாமா பேரங்காடியில் உள்ள கேம்ப் 5 அவற்றுள் ஒன்று. இத்தகைய கூடங்களில், கயிறு பிடிக்கத் தெரியும் என்பதைச் செய்துகாட்டிய பின்னரே பிறருக்குக் கயிறு பிடிக்க விடுவது வழக்கம். வாரத்தில் ஒரே மாலையில் தவறாது சென்றுவந்தால், சில வாரங்களில் முகங்கள் பழகிவிடும். பிறர் எவ்வாறு கயிறு பிடிக்கின்றனர் என்பதை அமைதியாகக் கவனிக்கவும் முடியும். பின்னர் அவர்களுடன் பத்துமலைக்குச் செல்லலாம். முதல்முறை தேர்ந்த வழிகாட்டி ஒருவருடன் செல்வது இன்னும் நன்று.

எத்தகையவரைத் துணையாகக் கொள்வது? வலிய கையுடையவரை அன்று. ஒவ்வொரு முறையும் தம் முடிச்சையும் பிறர் முடிச்சையும் சரிபார்ப்பவரை. கயிற்றின் கடைசி நுனியில் முடிச்சிட மறவாதவரை. “இன்று வேண்டாம், இறங்கிவிடுவோம்” என்று ஒருவர் சொன்னால் ஏளனம் செய்யாதவரை.

சொல் பிழைத்தால்

பல நாட்டார் சேர்ந்து ஏறும்போது மொழியும் ஓர் ஆபத்தாகிறது. உச்சி ஆணியை அடைந்தவர் “ஆயிற்று” என்று குரல் கொடுக்கிறார். கீழிருப்பவர் தம்மை இறக்குவார் என்பது அவர் எண்ணம். கீழிருப்பவரோ, மேலுள்ளவர் தாமே கயிறு வழி இறங்கிக்கொள்வார் என்று கருதிக் கயிற்றைக் கருவியிலிருந்து கழற்றிவிடுகிறார். தேர்ந்தவர்களும் உயிரிழக்கும் விபத்து வகைகளுள் இதுவும் ஒன்று. எனவே எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இறங்கும் முறை எது என்பதைத் தரையில் நிற்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

சிங்கப்பூரில் வாழ்வோருக்கு இயற்கைப் பாறை அரிது. டைரி ஃபார்ம் பழைய கல்லுடைப்பிடமே அவர்களுக்கு அருகில் உள்ளது. ஆதலால் அவர்களுள் பலர் பத்துமலைக்கும், தாய்லாந்தின் கிராபியில் உள்ள ரெய்லே கடற்கரைக்கும் வருகின்றனர். கடற்காற்று துருப்பிடிக்காத எஃகையும் உள்ளுக்குள் அரித்து முறிக்க வல்லது என்பதால், ரெய்லேயில் டைட்டானிய ஆணிகளைப் பதித்து வருகின்றனர். எந்தச் சுவரில் ஆணிகள் புதியவை, எதில் பழையவை என்பதை உள்ளூர் ஏறுநரிடம் கேட்டறிவதே அறிவுடைமை.

மலைக்குரிய மரியாதை

பத்துமலை நமக்குக் கோயில். அங்கு ஏற வரும் அயலவர் இதனை உணர வேண்டுவது போலவே, அவர்களுக்கு அன்புடன் எடுத்துரைப்பது நம் கடமையுமாகும். தைப்பூச நாள்களில் நெரிசலையும் சாலைத் தடைகளையும் முன்னறிந்து விலகி நிற்றல், கோயில் வளாகத்தில் ஏறுடையுடன் திரியாமை, குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லுதல் ஆகியன எளிய நெறிகள். சுண்ணாம்புக் குன்றுகளில் வேறெங்கும் காணப்படாத சிறு செடிகளும் நத்தைகளும் வாழ்கின்றன. கைப்பிடிக்காக அவற்றைப் பிய்த்தெறிவது தகாது.

நம் பிள்ளைகளும் படிப்பின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் தொலைநாடுகளில் தங்கியிருக்கின்றனர். அங்கே அவர்களுக்கு யாரேனும் கயிறு பிடிக்கத்தான் செய்கிறார்கள். நம் மலையடிவாரத்தில் வழி கேட்டு நிற்கும் அயலவருக்கு நாம் ஒரு சொல் உதவினால், அதுவும் முருகன் திருப்பணியே எனலாம். குன்றுதோறும் உறையும் குமரன், ஏறுவோர்க்கும் தாங்குவோர்க்கும் துணை நிற்பானாக!