மலையில் விழுவோர்

பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அணித்தாக மீரியபெத்த என்னும் தேயிலைத் தோட்டம் உளது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை அங்கே மலைச்சரிவு இடிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் குடியிருப்புக்குத் தகாதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மலை விழுந்ததை உலகம் அறிந்தது. அத்தகைய சரிவுகளில் நாடோறும் மனிதர் விழுவதையோ, மலைநாட்டுக்கு வெளியே அறிந்தவர் சிலரே.

ஊவாவில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் செம்மண் வழுக்கத் தொடங்கும். கொழுந்து பறிக்கும் பெண், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, பாரத்தை முதுகில் தாங்குகிறாள். ஆதலின் உடலின் நிறை பின்னோக்கிச் சாய்கிறது. நிறுவைக்காக இறங்கி வருகையில் கால் முன்னே சறுக்கினால், அவள் மல்லாந்தே விழ நேரும். ஊன்றிய கை மணிக்கட்டில் முறியும், அல்லது இடுப்பெலும்பு நோகும். புல் மூடிய கான் கண்ணுக்குத் தெரியாது. “பார்த்து நடக்கக் கூடாதா?” என்று கேட்பது எளிது. கொழுந்தைப் பார்ப்பதா, காலடியைப் பார்ப்பதா?

தொழிற்சாலைக்குள்ளும் விழும் இடங்கள் உண்டு. மேல்தட்டில் வாட்டிய கொழுந்தைக் கீழேயுள்ள ரோலர்களுக்கு இறக்கத் தளத்திலே துவாரம் விடுவர். அத்தகைய துவாரங்களுக்கு வேலி வேண்டும், படிக்குக் கைப்பிடி வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விதிக்கிறது. ஆனால் அச்சட்டம் தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிடுகிறது. தேயிலை மலை தொழிற்சாலை ஆகாதன்றோ! பத்தடி உயரத் தட்டுக்குக் கைப்பிடி கேட்கும் சட்டம், நூறடிச் சரிவுக்கு ஒரு படியும் கேட்பதில்லை.

மலையில் விழுந்தவருக்கு உதவுவது 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமே. வேலையின் நிமித்தமும் வேலையின் போதும் நேர்ந்த காயம் ஊனத்தை விளைவிக்குமாயின், தொழில்கொள்வோர் நட்டஈடு செலுத்தக் கடமைப்பட்டவர். விழுந்த பின்னர் வரும் உதவிதான் இது, எனினும் சிறிதன்று.

அதனைப் பெறுவதிலேதான் இடர் தோன்றுகிறது. எண்ணெய் தேய்த்து, இரண்டு நாள் லயத்தில் படுத்து, மூன்றாம் நாள் வலி பொறுக்காமல் மருந்தகம் செல்பவர், எங்கே விழுந்தார் என்பதற்குச் சான்று காட்ட இயலாது திகைப்பார். வீட்டு வாசலில் விழுந்ததாகவும் வாதிக்கப்படலாம். ஆகவே விழுந்த அன்றே கணக்குப்பிள்ளையிடம் சொல்லி எழுதுவித்தல் வேண்டும். அடுத்த நிரையில் நின்றவர் பெயரையும், மலை எண்ணையும் சேர்த்து எழுதுவிப்பது நன்று. மருந்தகத் துண்டைப் பத்திரப்படுத்த வேண்டும். நட்டஈடு மறுக்கப்படின், தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்கலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது, எந்த நாள், எந்த மலை, கண்டவர் யார் என்பதே.