கத்தியின் தரம் தோய்ச்சலில்தான்

வீட்டிலேயே கத்தி செய்யப் பழகுவோர் முதலில் விலை உயர்ந்த எஃகையும் அழகான பிடியையும்தான் தேடுகிறார்கள். கத்தியின் தரத்தை முடிவு செய்வதோ வெப்பம். ஒரே தகட்டில் வெட்டிய இரண்டு கத்திகளில் ஒன்று நெடுநாள் கூர் தாங்குவதும் இன்னொன்று சில நாளிலேயே முனை மடங்குவதும் இதனால்தான். சுமார் 0.84 விழுக்காடு கரிமம் கொண்ட 1084 வகை எஃகை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 815 டிகிரி செல்சியஸில் கரிமம் இரும்புக்குள் கரைந்து பரவுகிறது. மெல்ல ஆறவிட்டால் அது பிரிந்து, எஃகு மென்மையாகிவிடும். வெதுவெதுப்பான எண்ணெயில் சட்டென்று தோய்த்தால் பிரிய நேரமின்றி உள்ளேயே சிக்கி, ‘மார்ட்டென்சைட்’ என்ற மிகக் கடினமான அமைப்பாகிறது. இதுவே தோய்ச்சல். ஆனால் இந்த நிலையில் கத்தி கீழே விழுந்தாலே உடையக்கூடும். எனவே தாமதிக்காமல் 200 டிகிரி அளவில், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரமாக, இரு முறை சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். கடினம் சற்றுக் குறையும். அதற்கு ஈடாக அடி தாங்கும் வலிமை வரும்.

அமெரிக்காவில் 1976இல் பில் மோரன் முன்னின்று தொடங்கிய ‘அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி’ என்ற கத்திக் கொல்லர் சங்கம் நடத்தும் தேர்வு இதற்கு நல்ல சான்று. தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்து, மரச்சட்டத்தை இரு முறை வெட்டித் துண்டாக்கிய பிறகும் அதே கத்தி முடியை மழிக்க வேண்டும். கடைசியில் இடுக்கியில் பிடித்து 90 டிகிரி வளைத்தாலும் இரண்டாக உடையக் கூடாது. வெட்டுமுனை கடினமாகவும் முதுகு நெகிழ்வாகவும் இருந்தால்தான் இது நடக்கும். வடிவமோ பளபளப்போ அதைத் தராது.

சம்மட்டியால் அடித்து உருவாக்கியதே உண்மையான கத்தி என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் அடிக்காமல் தகட்டைத் தேய்த்தே வடிவம் கொடுத்த பாப் லவ்லெஸின் கத்திகள் உலகப் புகழ் பெற்றவை. அடிப்பது வடிவம் தரும். அளவு மீறிய சூட்டில் அடித்தால் எஃகின் மணிகள் பெருத்து வலிமை குறையும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கும் கொல்லர்கள் அளவுகருவி இல்லாமலே சாதிக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான், ஆண்டுக்கணக்காக அதே எஃகின் நிறத்தைப் பார்த்துப் பழகிய கண் அவர்களுடையது. புதியவருக்கோ பழைய பட்டையின் கலவையும் தெரியாது, உள்ளிருக்கும் விரிசலும் தெரியாது. துருப்பிடிக்காத எஃகே மேல் என்பாரும் உண்டு. 440சி போன்ற வகைகளுக்கு 1,000 டிகிரிக்கு மேல் சீரான சூடு வேண்டும். வீட்டு உலையில் அது எளிதல்ல. கரிம எஃகின் துருவையோ துடைத்து எண்ணெய் பூசித் தடுத்துவிடலாம்.

ஆகவே தொடங்குபவர் சாணை எந்திரத்துக்கு முன்பே வெப்பமானி வாங்குவது நல்லது. சூடேறும் எஃகில் காந்தம் ஒட்டாமல் போவது சுமார் 770 டிகிரியில். அது வழிகாட்டும், ஆனால் போதாது. அதே எஃகின் சிறு துண்டைத் தோய்த்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, உடைத்துப் பார்க்கலாம். முறிவு சர்க்கரை போல் மின்னினால் சூடு மிஞ்சிவிட்டது; மங்கிய சாம்பல் நிறத்தில் நுண்மையாக இருந்தால் சரி. எண்ணெய் தீப்பற்றக்கூடும் என்பதால் மூடி அருகிலேயே இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. பிடி பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், கூர் மழுங்கினால் தீட்டலாம். தோய்ச்சல் தவறினால் கத்தி மீண்டும் உலைக்குத்தான் போக வேண்டும்.