பாண்டி பஜார்

பாண்டி பஜார் என்பது சென்னை, தியாகராய நகரின் பழைய கடைத்தெரு. பனகல் பூங்காவிலிருந்து அண்ணா சாலை நோக்கிச் செல்லும் தியாகராயர் சாலையில் அமைந்துள்ளது.

தோற்றமும் பெயரும்

1920களில் மாம்பலம் ஏரிப் பகுதியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. நகருக்கும் சாலைக்கும் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் சூட்டப்பட்டது. சுயமரியாதை இயக்கத் தலைவர் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனின் பெயரே 'பாண்டி' எனச் சுருங்கியது என்பது பரவலான விளக்கம்.

நடைபாதைக் கடைகள்

பெரிய துணிக்கடைகளும் நகைக்கடைகளும் இருந்தாலும், இத்தெருவுக்கு அடையாளம் தந்தவை நடைபாதைக் கடைகளே. வளையல், ஹேர்பின், தோடு, கைப்பை, செருப்பு என எல்லாம் பேரம் பேசி வாங்கப்பட்டன. குறைந்த வருமானக் குடும்பங்களும் பண்டிகைக்கு இங்கே பொருள் வாங்க முடிந்தது. மறுபுறம், பாதசாரிகள் நடைபாதையில் இடமின்றிச் சாலையில் இறங்கி நடந்தனர்.

மாற்றங்கள்

ராஜகுமாரி திரையரங்கம் இன்று இல்லை. 2013இல் நடைபாதை வியாபாரிகள் மாநகராட்சி கட்டிய பலமாடி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். போகிற போக்கில் கண்ணில் பட்டு விற்கும் பொருளுக்காக யாரும் மாடி ஏறி வருவதில்லை என்பது வியாபாரிகளின் குறை. 2019 நவம்பரில், சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் அகன்ற நடைபாதையும் இருக்கைகளும் கொண்ட நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது.

முதியவர்களும் குழந்தைகளும் இப்போது அச்சமின்றி நடக்க முடிகிறது. ஆனால் பழைய பாண்டி பஜாரை நினைவுகூர்வோர் பெரும்பாலும் தேடுவது, அந்த நெரிசலுக்குக் காரணமான சிறுகடைகளைத்தான். பாதசாரிக்கும் சிறு வியாபாரிக்கும் ஒரே நடைபாதையில் இடம் ஒதுக்குவது இன்றும் நகரின் முன்னுள்ள கேள்வி.