ஐம்பத்தாறு வயதில் ஒரு சுழியோடி

திருவெம்பாவைப் பூசை முடிந்து, மண்டபத்தில் அன்னதானத்துக்காகக் காத்திருந்த வேளையில் திருகோணமலைப் பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "டொக்டர் தம்பி, இந்த வயதிலை தண்ணிக்குள்ளை போகப் பழகுறீங்களாம். போதாக்குறைக்கு மற்றாக்களுக்கும் படிப்பிக்கப் போறீங்களாம். உண்மையோ?" என்றார். உண்மைதான் என்றேன். "முத்து ஏதும் அம்பிட்டதோ?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்ட மலர்க் குழுவினர் இதைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். எனவே வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

வடமராட்சியில் கடற்கரையோரம் பிறந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. கடல் கடற்றொழிலாளருக்கு உரியது, படிக்கிற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்பது எங்கள் வீட்டுக் கொள்கை. மகளை மொன்றியல் மாநகர நீச்சற் குளத்துக்குக் கூட்டிச் சென்ற காலத்தில், வாங்கிலில் சும்மா இருக்க வெட்கப்பட்டு, நாற்பத்தொராவது வயதில் நானும் இறங்கினேன். மகள் பின்னர் நீச்சலை விட்டுவிட்டாள். நான் விடவில்லை. அங்கிருந்து சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு சுழியோடுவது வரை வந்துவிட்டேன்.

இந்தக் கருவிக்கும் நம் நகரத்துக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. யுத்த காலத்துப் பிரான்சில், பெற்றோல் தட்டுப்பாட்டால் மோட்டார் வண்டிகளை வாயுவில் ஓட்டுவதற்காக ஒரு வால்வு செய்தவர் எமில் கன்யான் என்ற பொறியியலாளர். கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோ அவரிடம் வந்து, சுவாசிக்கும்போது மட்டும் காற்றுத் தரும் கருவியொன்று வேண்டும் என்று கேட்டார். முதற் பரீட்சையில் கருவி தலைகீழானதும் சரிவர வேலை செய்யவில்லை. காற்று உள்ளே வரும் இடமும் வெளியேறும் இடமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று கண்டு திருத்தினார்கள். 1943இல் "அக்குவா லங்" பிறந்தது. 1947இல் கன்யான் குடும்பத்தோடு மொன்றியலுக்குக் குடிபெயர்ந்து, இங்குள்ள கனேடியன் லிக்விட் எயர் நிறுவனத்தில் பணியாற்றி, மேலும் பல கருவிகளைச் செய்தார். 1984இல் காலமானார். கூஸ்தோவின் பெயர் உலகெங்கும் பரவியது. கன்யானைப் பற்றி நான் கேட்ட மொன்றியல்வாசிகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. நம்மைப் போல அவரும் வந்து குடியேறியவர்தானே.

பெரியவர் முத்தைப் பற்றிக் கேட்டது வெறும் பகிடி அல்ல. சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் தூத்துக்குடியிலும் நம்மவர்கள் காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கிக் குளித்தவர்கள். அவர்களை விட நமக்கு வசதி அதிகம், ஆபத்துக் குறைவு என்று நானும் எண்ணியிருந்தேன். ஒரு விடயத்தில் நிலைமை நேர்மாறானது. முத்துக்குளிப்பவர் தரையில் இழுத்த மூச்சோடு இறங்குகிறார். ஆழத்தில் அமுக்கத்தால் நெஞ்சுக் காற்றுச் சுருங்குகிறது. மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் விரிகிறது. சிலிண்டரில் சுவாசிப்பவரின் கதை வேறு. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் தரையைப் போல இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரு மடங்காக விரியப் பார்க்கும். சுவாசப்பையின் நுண்ணறைகள் கிழிந்து, காற்றுக் குமிழி இரத்தத்தோடு மூளைக்குப் போகலாம். இதற்கு இரண்டு மீற்றருக்கும் குறைந்த ஆழமே போதும். ஆகையால் சுழியோடிக்கு முதற் பாடம்: மூச்சை ஒருபோதும் அடக்காதே.

வைத்தியக் கல்லூரியில் இதைப் படித்தவன் நான். அமுக்க அறைச் சிகிச்சை நம் நகரத்துச் சக்ரே-கேர் வைத்தியசாலையில் நடைபெறுவதும் தெரியும். தெரிந்து என்ன பயன் என்பதைச் சொல்கிறேன்.

பயிற்சி ஆசிரியராவது லேசான காரியமல்ல. நான் சேர்ந்திருப்பது 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய பாடி என்னும் அமைப்பின் முறையில். பரீட்சைக்குப் போகுமுன் குறைந்தது நூறு தடவை சுழியோடிய பதிவு வேண்டும். பௌதிகம், உடற்றொழிலியல், கருவிகள் என்று எழுத்துப் பரீட்சைகள் உண்டு. வைத்தியச் சான்றும் வேண்டும். எனக்கு நானே கையெழுத்திட முடியாது. என்னிலும் இருபது வயது இளைய வைத்தியர் ஒருவர் முன் சட்டையைக் கழற்றி இருந்தேன். குருதியமுக்கம் கொஞ்சம் கூட என்றார், ஓடுபட்டியில் ஓட வைத்தார், இரண்டு கிழமை காக்க வைத்தார். நான் ஒரு காலத்தில் ஆஸ்துமா உள்ள இளைஞன் ஒருவனுக்கு இத்தகைய படிவத்தில் கையெழுத்திட மறுத்தவன். அவன் முகம் அந்த இரண்டு கிழமையும் அடிக்கடி நினைவுக்கு வந்தது. மறுத்தது சரி என்றே இன்றும் கருதுகிறேன். மறுத்த விதம் சரியல்ல. இரண்டு நிமிடத்தில் அவனை அனுப்பிவிட்டேன்.

எல்லாவற்றிலும் கடினம் நீருக்குள் கற்பிப்பது. அங்கே பேச முடியாது. முகமூடிக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவதை ஒவ்வோர் அசைவாக, மெதுவாக, மற்றவர் காணும்படி செய்து காட்ட வேண்டும். உடன் பயில்வோர் மாணவராக நடிப்பார்கள். பரீட்சகர் இரகசியமாகச் சொல்லிவிட்ட பிழையை அவர்களில் ஒருவர் வேண்டுமென்றே செய்வார். நாம் உடனே கண்டு திருத்த வேண்டும்.

சென்ற ஆடி மாதம், கைவிடப்பட்ட கற்குழி ஒன்றில் இந்த ஒத்திகை நடந்தது. மேலே நீர் இதமாக இருக்கும். பத்து மீற்றருக்குக் கீழே திடீரென்று ஐஸ் போலாகிவிடும். இரண்டு "மாணவர்களை" மேலே அழைத்து வந்துகொண்டிருந்தேன். நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேல் ஏறக் கூடாது என்ற கவனத்தில் என் கைமானியையே பார்த்திருந்தேன். இடப் பக்கத்தவர் வாயிலிருந்து குமிழி வருவது நின்றிருந்தது. நான் காணவில்லை. மூன்று நான்கு விநாடிதான். பரீட்சகர் குறுக்கே வந்து எங்களை நிறுத்தினார்.

கரையில் அவர் கோபிக்கவில்லை. "உங்கள் மானி உங்களுக்கு முகம் கொடுக்கும், மாணவன் முகத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, தாளில் சித்தியடையவில்லை என்று எழுதினார். முப்பது ஆண்டு நோயாளர் பார்த்தவனுக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்தது. கணினித் திரையைப் பார்த்தபடியே நோயாளியின் கதையைக் கேட்கும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று, வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். மனைவி, "நல்லதாப் போச்சு, இனி விட்டிடுங்கோ" என்றாள்.

விடவில்லை. புரட்டாதியில் மீண்டும் அதே கற்குழி. இம்முறை மாணவருக்கு முகம் காட்டியபடி, பின்பக்கமாக மேலே ஏறினேன். ஆறு மீற்றரில் ஒருவர் குமிழியை நிறுத்தினார். தோள்பட்டியைப் பிடித்து நிறுத்தி, காற்றை விடு என்று சைகை காட்டினேன். விட்டார். பரீட்சகர் தலையை மட்டும் ஆட்டினார். இறுதிப் பரீட்சை வரும் ஆனி மாதம்.

இவ்வளவையும் அன்னதான வரிசையில் நின்றபடி பெரியவருக்குச் சொன்னேன். அவர் கோணேசர் கோயிலடியில் வளர்ந்தவர். 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணமாமலைக்குக் கீழே சுழியோடி, போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களைக் கண்டதையும், வில்சன் கடலடியிலிருந்து இலிங்கத்தைக் கண்டெடுத்ததையும் தகப்பனார் சொல்லக் கேட்டவர். அந்த வில்சன் பிற்காலத்தில் துறவியாகிச் சுவாமி சிவகல்கி என்று பெயர் பூண்டார். "உங்கடை கிடங்குக்குள்ளை என்ன இருக்கு?" என்று கேட்டார். ஒரு பழைய காரும், யாரோ போட்ட குளியல் தொட்டியும் என்றேன்.

பாயசம் வந்தபோது மெல்லக் கேட்டார்: "என்ரை பேரனுக்குப் பதினைஞ்சு வயசு. அவனுக்கும் பழக்குவீங்களோ?"

"நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது. எனக்கும் தெரியாது."

தை பிறந்ததிலிருந்து ஞாயிறு காலை பத்து மணிக்குப் பேரன் நீச்சற் குளத்துக்கு வருகிறான். இப்போது முகத்தை நீருக்குள் வைக்கிறான். பெரியவர் குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமல் வாங்கிலில் இருந்து, அவன் வாயில் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.